பட்டியலில் பெயர் இருக்கிறது, விளக்கம் எங்கே?

ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தில் திட்டப்பணிக் கோப்பு ஒன்று காணாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் படிவ மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து பல வாரங்கள் உழைத்துச் செய்த பணி அது. கோப்பு இருந்தது பள்ளியின் வழங்கியில். அதாவது, பலர் ஒரே நேரத்தில் இணைந்து பயன்படுத்தும் பொதுக் கணினியில். மாலை 4 மணிக்கு ஆசிரியர் அந்தக் கணினியில், இப்போது உள்ளே இருப்பவர்கள் யார் என்று காட்டும் கட்டளையைத் தட்டுகிறார். திரையில் மூன்று வரிகள் வருகின்றன. மூன்றிலும் ஒரே மாணவியின் பயனர் பெயர்.

"மூன்று தடவை உள்ளே நுழைந்திருக்கிறாள்; இப்போதும் உள்ளேதான் இருக்கிறாள். வேறு யார் அழித்திருக்க முடியும்?" என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

ஆனால், அந்த மாணவி அப்போது பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நண்பகலில் தன் மடிக்கணினியில் மூன்று சாளரங்களைத் திறந்து, மூன்றிலிருந்தும் வழங்கியோடு இணைந்திருந்தாள். பள்ளி மணி அடித்ததும் முறையாக வெளியேறாமல் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். மறுமுனையில் ஆள் இல்லை என்பது வழங்கிக்கு உடனே தெரிவதில்லை. அதனால் மூன்று வரிகளும் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு வரியும் ஓர் இணைப்பு. ஓர் ஆள் என்று அதற்குப் பொருள் கிடையாது.

பட்டியல் பொய் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறது என்ற விளக்கம்தான் ஆசிரியரின் கையில் இல்லை. இதனால்தான் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன், மாணவர்களே: மென்பொருளை எழுதுவது பாதி வேலை. அது காட்டுவதற்கு என்ன பொருள், எதை அது காட்டாது என்று தெளிவாக எழுதி வைப்பது மறுபாதி. இந்த மறுபாதிக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதாது.

காவலர் சாவடியும் கணினியும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயிலில் காவலர் சாவடியைப் பார்த்திருப்பீர்கள். வெளியாட்கள் வந்தால் பெயர், வாகன எண், நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். இப்போது உள்ளே இருக்கும் வெளியாட்கள் யார் என்று தெரிய வேண்டுமானால், காவலர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதில்லை, பதிவேட்டைத்தான் புரட்டுகிறார்.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களும் நெடுங்காலமாக இதையே செய்து வருகின்றன. நீங்கள் உள்நுழையும்போது ‘யூடிஎம்பி’ என்ற கோப்பில் ஒரு பதிவு விழுகிறது. வெளியேறும்போது அந்தப் பதிவு முடித்து வைக்கப்படுகிறது. ‘ஹூ’ என்ற கட்டளையைத் தட்டினால், அது இந்தக் கோப்பைப் படித்துப் பட்டியலாகக் காட்டும். ‘டபிள்யூடிஎம்பி’ என்ற இன்னொரு கோப்பில் பழைய வரவுகளும் போக்குகளும் சேர்ந்துகொண்டே போகும். அதைப் படிப்பது ‘லாஸ்ட்’ கட்டளை. தவறான கடவுச்சொல்லால் தோற்றுப்போன முயற்சிகளுக்குத் தனியாக மூன்றாவது கோப்பும் உண்டு.

பதிவேட்டின் பலவீனம் உங்களுக்கே புரிந்திருக்கும். பின்வாசல் வழியாக வந்தவர் அதில் இருக்க மாட்டார். கையெழுத்துப் போடாமல் வெளியேறியவர் உள்ளேயே இருப்பதாகத் தெரியும். இன்னொருவர் பெயரை எழுதிவிட்டு நுழைந்தவரும் இருக்கலாம். கணினியிலும் இதே கதைதான்.

இந்த இடத்தில்தான் நல்ல ஆவணத்தின் அருமை தெரிகிறது. ‘யூடிஎம்பி’ கோப்புக்கான லினக்ஸ் கையேட்டுப் பக்கம் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. எல்லா மென்பொருள்களும் இந்தக் கோப்பில் பதிவு செய்வதில்லை என்பதால், பட்டியலில் உள்ளவர்களைவிட அதிகமானோர் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்று அது எச்சரிக்கிறது. மற்றவர்கள் இந்தக் கோப்பில் எழுத அனுமதி தரக் கூடாது என்றும் அது சொல்கிறது. காரணம், பல மென்பொருள்கள் இதை அப்படியே நம்பிவிடுகின்றன. அந்த நம்பிக்கையை அசட்டுத்தனம் என்றே அந்தப் பக்கம் குறிப்பிடுகிறது!

தன் கருவியின் குறையைத் தானே முன்வந்து சொல்லும் இந்தப் பண்புதான் அறிவியல் மனப்பான்மை. ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் பயன்படுத்தும்போது, எத்தனை பாகை வரை அது பிசகலாம் என்று குறித்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அதுவும் இதுவும் ஒன்றே.

ஒரு சொல் தரும் குழப்பம்

‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை இன்னும் விரிவான பட்டியலைத் தரும். பயனர் பெயர், எங்கிருந்து இணைந்தார், எப்போது நுழைந்தார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார், எந்தக் கட்டளையை இயக்குகிறார் என்று பல பத்திகள் அதில் இருக்கும். இவற்றுக்கு நடுவே ‘ஜேசிபியூ’, ‘பிசிபியூ’ என்று இரண்டு பத்திகள். தலைப்பைப் பார்த்து இவற்றின் பொருளை ஊகிக்க முடியுமா? முடியாது. முதலாவது, அந்த இணைப்பிலிருந்து இயங்கும் எல்லா வேலைகளும் சேர்ந்து செலவழித்த செயலி நேரம். இரண்டாவது, இப்போது நடக்கும் வேலை மட்டும் எடுத்துக்கொண்ட நேரம். இதைக் கையேடுதான் சொல்கிறது.

‘சும்மா இருக்கும் நேரம்’ என்ற பத்தியிலும் கவனம் தேவை. ஒருவர் விசைப்பலகையைத் தொட்டு 40 நிமிடம் ஆகிவிட்டது என்றால் அவர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. நீண்ட கணக்கீடு ஒன்றை ஓடவிட்டு அவர் காத்திருக்கலாம்.

விண்டோஸில் ‘குவெரி யூசர்’ என்ற கட்டளை இருக்கிறது. அதன் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே ‘டிஸ்க்’ என்று வரும். முதன்முறை பார்ப்பவர் இதை வன்வட்டோடு தொடர்புபடுத்திக் குழம்பலாம். உண்மையில் அது ‘இணைப்பு விடுபட்டது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அந்தப் பயனர் திரையை விட்டுப் போய்விட்டார். ஆனால், அவருடைய அமர்வும் அவர் திறந்து வைத்த மென்பொருள்களும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. இதை அறியாமல் கணினியை அணைத்தால், அவர் சேமிக்காமல் விட்ட வேலை போய்விடும். நான்கு எழுத்துச் சுருக்கத்தை விளக்காமல் விட்டால் யாரோ ஒருவரின் உழைப்பு வீணாகும்.

விரலில் பிறந்த கருவி

இந்தப் பட்டியல்களின் வரலாறு உங்கள் பெற்றோரின் வயதைவிட நீண்டதாக இருக்கலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ‘ஹூ’ கட்டளைக்கு அதிலேயே ஒரு பக்கம் உண்டு. அந்தக் கையேட்டில் கட்டளைகளின் பெயர், பயன்பாடு, விளக்கம் ஆகியவற்றோடு ‘பக்ஸ்’, அதாவது ‘பிழைகள்’, என்ற தலைப்பும் இருந்தது. இந்தக் கருவி எங்கே சறுக்கும் என்பதை எழுதியவர்களே அதில் சொல்லிவிடுவார்கள். விளம்பரத் தாளில் இப்படி ஒரு தலைப்பை நீங்கள் பார்க்க முடியுமா?

அதே 1971-இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் லெஸ் எர்னெஸ்ட் ஒன்றைக் கவனித்தார். அங்கிருந்த உள்நுழைவுப் பட்டியல் பயனர்களின் சுருக்கக் குறியீடுகளை மட்டுமே காட்டும். தாங்கள் தேடும் ஆளைக் கண்டுபிடிக்க, மக்கள் திரையில் வரிவரியாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக, முழுப்பெயரையும் சேர்த்துத் தெளிவாகக் காட்டும் ஒரு கருவியை அவர் எழுதினார். அதற்கு ‘ஃபிங்கர்’, அதாவது ‘விரல்’, என்றே பெயர் வைத்தார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. படிப்பவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்ததிலிருந்துதான் அந்தக் கருவி பிறந்தது. நல்ல விளக்கமும் அப்படித்தான் பிறக்கும்.

75 காசில் தொடங்கிய தேடல்

"இதெல்லாம் சின்ன விஷயம், இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவம்.

1986 ஆகஸ்ட் மாதம். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் சேர்ந்திருந்தார். அங்கே கணினியைப் பயன்படுத்தும் நேரத்திற்குக் கட்டணம் உண்டு. இரண்டு மென்பொருள்கள் தனித்தனியே அந்தக் கணக்கை வைத்திருந்தன. அந்த மாதம் இரண்டுக்கும் இடையே 75 அமெரிக்கக் காசு வித்தியாசம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. அந்த வித்தியாசம், கட்டண முகவரியே இல்லாத ஒரு புதிய பயனர் கணக்கில் போய் நின்றது.

பிறகு, உள்நுழைவுப் பதிவுகளில் ஓர் ஊழியரின் பெயர் தென்பட்டது. ஆனால், அவர் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டு ஏற்கனவே இங்கிலாந்துக்குப் போய்விட்டவர்! பெயர் அவருடையது, கை வேறொருவருடையது. பட்டியலில் உள்ள பெயர் ஒரு கணக்கின் பெயர் மட்டுமே. அதை இயக்குபவர் யார் என்று பட்டியலுக்குத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த ஊடுருவியும் பட்டியலைப் பார்ப்பவர்தான். உள்ளே வந்ததும், கணினி நிர்வாகிகள் யாராவது இருக்கிறார்களா என்று நோட்டம் விடுவார். அதனால் ஸ்டோல் தன் கண்காணிப்பைக் கணினிக்குள் வைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் ஏறக்குறைய 50 அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் பொருத்தினார். ஊடுருவி தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் விழுந்தது. பட்டியலில் தெரியாமல் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க முடியும் என்பது இப்போது அந்த ஊடுருவிக்கு எதிராகவே வேலை செய்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஊடுருவி ஒரு கட்டளையோடு சில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினார். அவற்றில் ஓர் எழுத்து பெர்க்லி யூனிக்ஸில் தேவையே இல்லை. ஏடி அண்ட் டி யூனிக்ஸில்தான் அதற்குப் பொருள் உண்டு. இரண்டு வகைகளின் நுணுக்கங்களையும் அறிந்திருந்த ஸ்டோலின் சக ஊழியர் அதைப் பார்த்ததும், "இந்த ஆள் நம் பக்கத்தில் பழகியவர் இல்லை" என்று கணித்துவிட்டார். கணிப்பு சரியாக இருந்தது. மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து இயங்கிய அந்த நபர், அமெரிக்க இராணுவக் கணினிகளில் திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குழுவைச் சேர்ந்தவர் என்பது பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது.

75 காசு வித்தியாசத்தை விடாமல் துரத்தியது, நடந்தவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி வைத்தது, கட்டளைகளின் நுணுக்கங்களை அறிந்திருந்தது — அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டு சேர்த்தவை இவைதான்.

"யார் படிக்கப் போகிறார்கள்?"

ஆவணம் எழுதச் சொன்னால் மாணவர்கள் வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்வார்கள்.

முதலாவது, "நிரலைப் படித்தாலே புரிந்துவிடும்." நிரல், கணினி என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். நீங்கள் என்ன செய்ய நினைத்தீர்கள் என்பதை அது சொல்லாது. எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்பதை நிச்சயமாகச் சொல்லாது. கோப்பைத் தொலைத்த மாணவர்களின் ஆசிரியருக்குத் தேவைப்பட்டது அந்த மூன்றாவது தகவல்தான்.

இரண்டாவது, "செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடும்." தரலாம், அழகான வாக்கியங்களாகவும் தரலாம். ஆனால், உங்கள் பள்ளி வழங்கியில் எந்தக் கதவு வழியாக வருபவர்கள் பட்டியலில் சேர்வதில்லை என்பதை யாராவது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சோதித்தவர் எழுத வேண்டும். சோதிக்காமல் எழுதப்பட்ட விளக்கம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் அது ஊகமே.

மூன்றாவது, "யாரும் படிக்கப் போவதில்லை." நல்ல நாளில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பையும் நல்ல நாளில் யாரும் படிப்பதில்லை. அதற்காக அதை ஒட்டாமல் விடுகிறோமா?

மூன்று கேள்விகள்

நீங்கள் உருவாக்கும் கருவி எதுவானாலும், உங்கள் ஆவணம் மூன்று கேள்விகளுக்காவது பதில் சொல்லட்டும்.

இந்தத் தகவல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? இது எதைக் காட்டாது? இந்த விளக்கம் எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதி வரை பொருந்தும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ‘யூடிஎம்பி’ கோப்பு பரவலான லினக்ஸ் கணினிகளில் நேரத்தை 32 பிட் எண்ணாகச் சேமிக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடிகள் கடந்துள்ளன என்பதே அந்த எண். அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. அந்த வினாடி மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை மணி 11.14.07-க்கு வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் நேரத்தைச் சரியாக எழுத இடமிருக்காது. உங்களில் பலர் அப்போது வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இதனால் லினக்ஸ் உலகம் பழைய கோப்புகளிலிருந்து மெல்ல விலகி வருகிறது. 2025-இல் வெளிவந்த டெபியன் 13 பதிப்பில் ‘லாஸ்ட்’ கட்டளை பழைய இடத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதே வேலையைப் புதிய தரவுத்தளம் ஒன்றைப் பயன்படுத்தும் வேறு கருவி செய்கிறது. நேற்று வரை சரியாக இருந்த வழிகாட்டி இன்று ஒரு வாசகரை வெறும் திரைமுன் கொண்டுபோய் நிறுத்தலாம். தேதியும் பதிப்பும் குறிப்பிட்டிருந்தால், குழப்பம் தன்னுடையது அல்ல என்பதாவது அவருக்குப் புரியும்.

வீட்டிலும் இதே பட்டியல்

கட்டளைகளைத் தட்டாதவர்களுக்கும் இது பொருந்தும். கூகுள் கணக்கில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பக்கம் இருக்கிறது. புலனத்தில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ இருக்கிறது. இரண்டும் உள்நுழைவு அமர்வுகளின் பட்டியல்களே. புலனக் கணக்கைக் கைப்பற்றி உறவினர்களிடம் பணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மாவோ தாத்தாவோ இந்தப் பக்கத்தைத் திறந்து, தெரியாத சாதனம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் அது பெரிய பாதுகாப்பு.

ஆனால், சரியான விளக்கம் இல்லாமல் பார்த்தால் வீண் பயமே மிஞ்சும். ஒரே கைப்பேசி கூகுள் பட்டியலில் பல அமர்வுகளாகத் தெரியலாம். காட்டப்படும் இடம் இணைய முகவரியை வைத்துக் கணிக்கப்படுவது, அது தோராயமானது. கிள்ளானில் இருப்பவரின் சாதனம் கோலாலம்பூரில் இருப்பதாகக் காட்டினால் உடனே பதற வேண்டியதில்லை. சாதனத்தின் வகை, கடைசியாகப் பயன்படுத்திய நேரம், அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் — இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஐயம் தீரவில்லையென்றால் அந்த அமர்வை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.

இந்த விளக்கத்தைத் தமிழில், பெரியவர்களுக்குப் புரியும்படி அரைப் பக்கத்தில் எழுத உங்களால் முடியும். பெரிய நிறுவனங்களின் உதவிப் பக்கங்கள் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. உங்கள் வீட்டுத் தாத்தா எந்தச் சொல்லில் தடுமாறுவார் என்பது அவற்றுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கணக்குகளையும், உங்களுக்கு அனுமதி உள்ள கணினிகளையும் மட்டுமே பாருங்கள். பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது மலேசியாவில் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். சிங்கப்பூரிலும் அதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. கற்பதற்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினித் திட்டப்பணிக்கு மதிப்பெண் தரும்போது, நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை எழுதாத இன்னொரு மாணவரிடம் விளக்கக் குறிப்பை மட்டும் கொடுத்துக் கருவியை இயக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் நின்று வாய்திறக்காமல் கவனிக்கட்டும். நண்பர் தடுமாறும் ஒவ்வோர் இடமும் திருத்த வேண்டிய ஒரு வாக்கியம். ‘பிழைகள்’ என்ற தலைப்பில் நேர்மையாக எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கூட்டிக் கொடுங்கள்.

மாணவர்களே, இந்த வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விளக்க முடியாத வரி ஒன்று வந்தால் அங்கேயே நின்று தேடுங்கள். ஸ்டோலின் கணக்கில் இடித்ததும் வெறும் 75 காசுதான்.